பேஸ் கிட்டார் கரகரக்குதா? தப்பு உங்க விரல்ல இல்ல!



கோடை விடுமுறை முடிஞ்சு காலேஜ் திறந்த முதல் வாரம். மியூசிக் கிளப் ரூமைத் திறந்தோம். ரெண்டு மாசமா ஜன்னல் ஓரமா வெயில்ல சாய்ந்து நின்ன பேஸ் கிட்டாரை எடுத்து ட்யூன் பண்ணினால், கம்பி ஃப்ரெட்டுக்கு மேல எங்கேயோ வானத்துல நிக்குது. கல்ச்சுரலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. பேஸ் வாசிக்க முன்வந்தது முதலாமாண்டு ஜூனியர் ஒருத்தி. மூணு நாள் பிராக்டிஸ் முடிஞ்சதும் விரல் நுனியைக் காட்டினாள், கொப்புளம். "அண்ணா, எனக்கு விரல்ல பலம் இல்ல போல. நான் கீபோர்டுக்கே போயிடுறேன்" என்றாள்.

நானும் அதை நம்பிவிட்டேன் என்பதுதான் வெட்கம். "பழகிடும்மா, எல்லாருக்கும் ஆரம்பத்துல அப்படித்தான்" என்று பெரிய சீனியர் மாதிரி அட்வைஸ் பண்ணினேன். அன்று சாயங்காலம் நானே எடுத்து அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மூணு வருஷமா வாசிக்கிற எனக்கே கை வலித்தது. பலம் இல்லாமல் போனது அவள் விரலில் இல்லை, கிட்டாரின் நெக்கில்.

இந்தக் கட்டுரை அந்தப் பன்னிரண்டு நாளில் நான் கற்றுக்கொண்டதுதான். பாதி சரியாகச் செய்து கற்றது, மீதி சொதப்பிக் கற்றது. உங்களிடம் பேஸ் இல்லையென்றாலும் படிங்க. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இதே விதிகள்தான், அளவுகள் மட்டும் மாறும். மெக்கானிக்கல், சிவில் ஆட்களுக்கு இது ஒரு ரிவிஷன் மாதிரியும் இருக்கும்.

முதலில் கொஞ்சம் தியரி

பயப்படாதீங்க, ஒரே ஒரு பக்கம்தான்.

இன்று நாம் பார்க்கும் பேஸ் கிட்டாரின் அச்சு 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். அதற்கு முன் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். அதில் ஃப்ரெட் கிடையாது, காதை நம்பித்தான் விரலை வைக்க வேண்டும். ஃப்ரெட் வைத்ததால் சுருதி துல்லியமாக வந்தது, அதனால்தான் 'பிரிசிஷன்' என்ற பெயர். அப்போது வைத்த 34 அங்குல ஸ்கேல் நீளம், அதாவது சுமார் 864 மி.மீ., இன்றும் பெரும்பாலான பேஸ்களில் அப்படியே இருக்கிறது.

நாலு கம்பி: இ, ஏ, டி, ஜி. தடித்த இ கம்பி 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73.4, ஜி 98. ஒவ்வொரு கம்பியும் கிட்டத்தட்ட 17 முதல் 22 கிலோ எடை தொங்குகிற அளவுக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நாலையும் கூட்டினால் 70 முதல் 80 கிலோ. ஒரு ஆள் இருபத்து நாலு மணி நேரமும் அந்த மரக்கட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இழுவிசை நெக்கின் நடு அச்சு வழியாகப் போவதில்லை. கம்பி நெக்குக்கு மேலே ஓடுகிறது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் 'எக்சென்ட்ரிக் லோடு' என்று படித்தோமே, அதேதான். 75 கிலோ என்றால் சுமார் 735 நியூட்டன். கம்பிக்கும் நெக்கின் நியூட்ரல் ஆக்ஸிஸுக்கும் இடையே 15 மி.மீ. என்று வைத்தால், வளைக்கும் திருப்புவிசை சுமார் 11 நியூட்டன் மீட்டர். இது நெக்கை வில் மாதிரி முன்னோக்கி வளைக்கும்.

இதைத் தடுக்கத்தான் நெக்குக்குள் ஒரு இரும்புக் கம்பி, அதுதான் ட்ரஸ் ராட். கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர் 1921-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1923-இல் கிடைத்தது. அதன் முனையில் இருக்கும் நட்டை இறுக்கினால் நெக் பின்னோக்கிப் போகும், தளர்த்தினால் கம்பியின் இழுப்பு ஜெயித்து நெக் முன்னோக்கி வளையும். ஆக, உங்க நெக்கில் தினமும் ஒரு கயிறு இழுக்கும் போட்டி நடக்கிறது. செட்டப் என்பது அந்தப் போட்டியை டிராவில் நிறுத்துவது.

அப்போ நெக்கை ஸ்கேல் மாதிரி நேராக வைத்துவிட வேண்டியதுதானே? இல்லை. அதிரும் கம்பி நடுவில்தான் அதிகம் அகலும், ரெண்டு முனையிலும் குறைவு. அந்த நடு வீச்சுக்கு இடம் விட நெக்கும் நடுவில் லேசாகக் குழிந்திருக்க வேண்டும். இந்தக் குழிவுக்குப் பெயர் ரிலீஃப். பேஸுக்கு 0.3 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருந்தால் நல்ல ஆரம்பப் புள்ளி. மூணு நாலு ஏ4 தாளை அடுக்கின தடிமன், அவ்வளவுதான்.

தேவையான சாமான்கள்

ஆலன் கீ செட்: மில்லிமீட்டர், அங்குலம் ரெண்டும் வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன், அழுகையோடு.

ஃபீலர் கேஜ்: பைக்கில் வால்வ் கிளியரன்ஸ் பார்க்க மெக்கானிக் வைத்திருப்பாரே, அதே தகடுகள். ஆட்டோமொபைல் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் கிட்டாரின் மெல்லிய கம்பித் துண்டு ஒன்று போதும். பன்னிரண்டு கேஜ் கம்பி என்றால் 0.012 அங்குலம், கிட்டத்தட்ட 0.3 மி.மீ.

ஸ்டீல் ஸ்கேல்: வொர்க்‌ஷாப் லேபுக்கு வாங்கின அதே 15 செ.மீ. ஸ்கேல், அரை மில்லிமீட்டர் கோடு இருப்பது.

கேப்போ (அல்லது ஒரு நண்பனின் விரல்), ஸ்க்ரூடிரைவர், ட்யூனர், ஒரு நோட்டு, பேனா. நோட்டு ரொம்ப முக்கியம். எதைத் தொடுவதற்கு முன்னும் இப்போ என்ன அளவு இருக்கு என்று எழுதுங்க. வழி தவறினால் திரும்பி வர அதுதான் வழி.

கரகரப்பு எங்கே வருது?

டாக்டர் மாதிரி முதலில் நோயைக் கேளுங்க. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறி வாசித்துப் பாருங்க.

முதல் அஞ்சு ஃப்ரெட்டுக்குள் மட்டும் கரகரப்பு: ரிலீஃப் போதவில்லை. நெக் ரொம்ப நேராக, அல்லது பின்னோக்கி வளைந்திருக்கு.

நடுவில் கம்பி ரொம்ப உயரம், 12-க்கு மேலே போனால் கரகரப்பு: ரிலீஃப் அதிகம். எங்க கிளப் பேஸின் கதை இதுதான்.

எல்லா இடத்திலும் கரகரப்பு: கம்பி உயரமே மொத்தத்தில் குறைவு.

விரல் வைக்காமல் வாசிக்கும்போது மட்டும் கரகரப்பு: நட்டில் இருக்கும் பள்ளம் ரொம்ப ஆழம். (இங்கே நட் என்றால் நெக்கின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் வெள்ளைக் கட்டை. ட்ரஸ் ராட் நட் வேற.)

ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும்: அடுத்த ஃப்ரெட் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கு. இதற்கு செட்டப் மருந்து இல்லை, ஃப்ரெட் வேலை தெரிந்தவரிடம் போகணும்.

ஒரு விஷயம்: பேஸில் லேசான கரகரப்பு சகஜம். ஆம்ப்பில் போட்டால் கேட்கவில்லை என்றால் அதைத் துரத்தாதீங்க.

நான் செய்த முதல் தப்பு

கம்பி உயரமா இருக்கு, சரி. பிரிட்ஜில் சேடில் என்று நாலு குட்டித் துண்டுகள் இருக்கு, அதில் குட்டி ஸ்க்ரூ இருக்கு. இறக்கினால் கம்பி இறங்கும். இதுதான் என் லாஜிக். இறக்கினேன், தரையைத் தொடும் வரை இறக்கினேன். அஞ்சாவது ஃப்ரெட்டில் இன்னும் உயரம், 12-க்கு மேலே எல்லா நோட்டும் செத்துப்போச்சு. அப்பதான் அளந்து பார்த்தேன், ரிலீஃப் 0.9 மி.மீ.! இருக்க வேண்டியதைப் போல மூணு மடங்கு.

வீட்டுக்கு அஸ்திவாரம் சாய்ந்திருக்கும்போது ஜன்னலைச் சரி பண்ணின கதை. அதனால் வரிசையை மனப்பாடம் பண்ணிக்கோங்க: ட்யூனிங், நெக், நட், கம்பி உயரம், இன்டொனேஷன், பிக்கப். இந்த வரிசை மாறக்கூடாது. முந்தினதை மாற்றினால் பிந்தினது எல்லாம் மாறும்.

படி 1: ட்யூனிங்

கம்பி சரியான சுருதியில் இருக்கும்போதுதான் நெக்கில் சரியான லோடு இருக்கும். தளர்ந்த கம்பியோடு அளந்தால் எல்லாம் பொய். கம்பி மாற்றும் எண்ணம் இருந்தால் செட்டப்புக்கு முன்னாலேயே மாற்றுங்க. மெல்லிய செட்டிலிருந்து தடித்த செட்டுக்குப் போனால் இழுவிசையும் மாறும், மறுபடி முதலிலிருந்து வேலை.

போன் ட்யூனர் இ கம்பியின் 41 ஹெர்ட்ஸைப் பிடிக்கத் திணறும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு, அழுத்தாமல் மீட்டினால் ஹார்மானிக் வரும். அது 82.4 ஹெர்ட்ஸ், ட்யூனர் உடனே பிடித்துக்கொள்ளும்.

படி 2: நெக் ரிலீஃப்

முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்க. கடைசி ஃப்ரெட்டில் இ கம்பியை அழுத்துங்க. இழுத்துக் கட்டின கம்பி நேர்க்கோடு, அதுவே உங்க அளவுகோல். இப்போ எட்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜை நுழைங்க. கம்பியை அசைக்காமல் 0.3 தகடு தொட்டும் தொடாமலும் போனால் சரி.

இடைவெளி அதிகம் என்றால் ட்ரஸ் ராட் நட்டை இறுக்கணும். நட்டை நேருக்கு நேர் பார்த்து, கடிகார முள் திசையில். இடைவெளியே இல்லை என்றால் எதிர்த்திசையில் தளர்த்தணும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, அதிகபட்சம் கால் சுற்று. பிறகு மறுபடி ட்யூன் பண்ணி, மறுபடி அளங்க. மரம் மெதுவாகத்தான் செட்டில் ஆகும். அதனால் ஒரே நாளில் முடிக்கணும்னு அவசரப்படாமல், ராத்திரி விட்டு காலையில் ஒருமுறை பாருங்க. இறுக்கும் முன் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் நட்டுக்கும் உங்க கைக்கும் நல்லது.

இப்போ அழுகைக் கதை. எங்க பேஸின் நட்டுக்கு 5 மி.மீ. கீ நுழையவில்லை, 4.5 தொளதொளவென்று இருந்தது. "பரவாயில்லை, ஓடும்" என்று 4.5-ஐ வைத்துத் திருகினேன். சொர்ர்... என்று ஒரு வழுக்கல். ஆறு மூலைகளில் ஒன்று லேசாக மழுங்கியது தெரிந்தது. வியர்த்துவிட்டது. அது நம் காசில் வாங்கின கிட்டார் இல்லை. பாஸ் அவுட் ஆன ஒரு அண்ணன், வேலைக்குப் போகும்போது கிளப்புக்கு விட்டுப்போனது. அந்த நட் முழுசாக உருண்டிருந்தால் நெக்கையே கழற்றி, ரிப்பேர்காரரிடம் கொடுத்து, அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் விலை. கடைசியில் விஷயம் என்னவென்றால், அது அங்குல அளவு. 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. அந்த கீ கையோடு ஒட்டினமாதிரி உட்கார்ந்தது. ஆகவே நண்பர்களே, கீ ஆடினால் நிறுத்துங்க. இது ஒன்றை மட்டும் இந்தக் கட்டுரையில் நினைவு வைத்தாலும் போதும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். நட் நகரவே மாட்டேன் என்றால் பலத்தைக் கூட்டாதீங்க, அது ஏற்கெனவே எல்லைக்கு வந்திருக்கலாம். சில பேஸ்களில் நட் தலைப்பக்கம் இருக்கும், சிலவற்றில் நெக் உடம்போடு சேரும் அடிப்பக்கம். அடிப்பக்கம் இருப்பதில் சில மாடல்களுக்கு நெக்கைக் கழற்றித்தான் திருக முடியும். பழைய வகை ராட் ஒரு பக்கம் மட்டுமே தள்ளும். அதை முழுசாகத் தளர்த்தியும் நெக் பின்னோக்கியே வளைந்திருந்தால், தடித்த கம்பி போட்டு இழுப்பைக் கூட்டிப் பார்க்கலாம்.

படி 3: நட்

மூணாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்க. ஒரு தாள் கனத்துக்கு மயிரிழை இடைவெளி தெரியணும். ஒட்டிக்கொண்டிருந்தால் பள்ளம் ஆழம், வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் பள்ளம் மேடு. முதல் ரெண்டு ஃப்ரெட்டில் மட்டும் கை வலிக்குது, அழுத்தினால் சுருதி ஏறுது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இதைச் சரி செய்ய கம்பிக்கு ஏற்ற தனி அரம் வேண்டும். வொர்க்‌ஷாப் முக்கோண அரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பாதீங்க. ஒரு இழுப்பு அதிகமானால் புது நட்தான். தெரிந்தவரிடம் கொடுங்க.

படி 4: கம்பி உயரம்

இதைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ அப்படியே இருக்கட்டும். 17-ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடி வரை ஸ்டீல் ஸ்கேலால் அளங்க. இ கம்பிக்கு சுமார் 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு சுமார் 2 மி.மீ. நல்ல தொடக்கம். நடு ரெண்டும் இதற்கு இடையில், ஃப்ரெட்போர்டின் வளைவைப் பின்பற்றி. பலமாக மீட்டுகிறவர் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், மென்மையாக வாசிப்பவர் இறக்கலாம்.

எவ்வளவு திருகினால் எவ்வளவு மாறும்? வடிவொத்த முக்கோணம். 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. அதனால் சேடிலை 1 மி.மீ. ஏற்றினால் அங்கே அரை மி.மீ. ஏறும். 17-இல் சுமார் 0.6 மி.மீ. ஒரு சேடிலுக்கு ரெண்டு ஸ்க்ரூ இருந்தால் ரெண்டையும் சமமாகத் திருகுங்க, சாய்ந்து நிற்கக் கூடாது.

சேடில் தரை தட்டியும் உயரம் குறையலன்னா?

ரிலீஃப் சரி, நட் சரி, சேடில் அடியில் உட்கார்ந்துவிட்டது, இன்னும் உயரம். அப்போ பிரச்சனை நெக்கின் வளைவில் இல்லை, கோணத்தில். ட்ரஸ் ராடைத் திருகி இதைச் சரி பண்ண முயலவே கூடாது. ட்ரஸ் ராட் வளைவுக்கு மட்டும்தான்.

போல்ட் போட்ட நெக் என்றால் தீர்வு எளிது: கம்பியைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் ஒரு மெல்லிய அட்டைத் துண்டு வைத்து மறுபடி முடுக்குவது. இதற்கு ஷிம் என்று பெயர். விசிட்டிங் கார்டு போதும், சுமார் 0.3 மி.மீ. இவ்வளவு மெல்லிசு என்ன செய்துவிடும் என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். குழியின் நீளம் 75 மி.மீ. என்று வையுங்க. 0.3-ஐ 75-ஆல் வகுத்தால் 0.004 ரேடியன். குழியின் முன் ஓரத்திலிருந்து பிரிட்ஜ் வரை சுமார் 340 மி.மீ. பெருக்கினால் 1.36 மி.மீ. அதாவது சேடிலை 1.36 மி.மீ. இறக்கினதற்குச் சமம். 12-ஆம் ஃப்ரெட்டில் சுமார் 0.7 மி.மீ. குறையும். ஒரு விசிட்டிங் கார்டின் வேலை! மாறாக, சேடிலை உச்சிக்கு ஏற்றியும் கம்பி தாழ்வாகவே இருந்தால், அதே அட்டையைக் குழியின் எதிர் ஓரத்தில் வைக்கணும்.

நெக் போல்ட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஜி கம்பியோ இ கம்பியோ ஃப்ரெட்போர்டின் விளிம்பிலிருந்து வழுக்கி விழுகிறதா? நெக் பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம். போல்ட்டை லேசாகத் தளர்த்தி, நெக்கைப் பிடித்து மெல்ல நேராக்கி, மறுபடி முடுக்குங்க. ரெண்டு நிமிஷ வேலை. மரத்தில் போகும் ஸ்க்ரூ என்பதால், முடுக்கும்போது முதலில் எதிர்த்திசையில் சுற்றி, பழைய மரை 'டக்' என்று உட்கார்ந்ததும் இறுக்குங்க. புது மரை வெட்டினால் ஓட்டை பெரிதாகிவிடும்.

படி 5: இன்டொனேஷன்

திறந்த கம்பி சுருதியில் இருக்கு, மேலே போகப் போக அபஸ்வரம். கீபோர்டுக்காரர் உங்களை முறைக்கிறார். இதுதான் இன்டொனேஷன் பிரச்சனை.

ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் நீண்டு, இழுவிசை ஏறி, சுருதி கூடும். அதை ஈடுகட்ட கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறோம். தடித்த கம்பிக்கு அதிகம் கூட்டணும், அதனால்தான் இ கம்பியின் சேடில் பொதுவாக எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும்.

12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக் வாசியுங்க, ட்யூனரில் பாருங்க. அதே இடத்தில் சாதாரணமாக அழுத்தி வாசியுங்க. ரெண்டும் ஒன்றாக இருக்கணும். அழுத்தினது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, அதாவது நெக்கை விட்டு விலக்கி நகர்த்துங்க. இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி முன்னுக்கு. ஒவ்வொரு தடவையும் மறுபடி ட்யூன் பண்ணி ஒப்பிடுங்க. ஒரு அரைச்சுருதியில் நூறு சென்ட். ரெண்டு மூணு சென்ட்டுக்குள் வந்துவிட்டால் மனித காதுக்குப் போதும், விட்டுடுங்க. எவ்வளவு நகர்த்தியும் வரவில்லை என்றால் கம்பி செத்துப்போச்சு, புதுசு போடுங்க.

படி 6: பிக்கப் உயரம்

கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, கம்பிக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்க. இ பக்கம் 2.5 முதல் 3 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. சுமாராக இருக்கட்டும். சத்தம் வேணும்னு ரொம்ப ஏற்றினால் காந்தம் கம்பியையே இழுக்கும். சுருதி நடுங்கும், மேல் ஃப்ரெட்களில் கரகரப்பும் வரும். நாலு கம்பியும் ஒரே அளவு சத்தத்தில் கேட்கிற மாதிரி காதால் சமன் பண்ணுங்க.

எதைச் சரி செய்ய முடியாது?

ஜி கம்பியில் அஞ்சிலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஒரு நோட்டு மட்டும் சீக்கிரம் அடங்கிப்போகுதா? போல்ட் நெக் பேஸ்களில் ரொம்ப சகஜம். நெக்கும் ஒரு அதிரும் பொருள்தானே? அதன் இயற்கை அதிர்வெண்ணோடு அந்த நோட்டு ஒத்துப்போகும்போது கம்பியின் ஆற்றலை நெக் குடித்துவிடும். ரெசனன்ஸ். இது செட்டப் கோளாறு இல்லை. தலைப்பக்கம் ஒரு கிளாம்ப் மாட்டி எடையைக் கூட்டினால் அந்த இடம் நகரும், ஆனால் முழுசாக ஒழியாது. அதே நோட்டை டி கம்பியில் வாசித்துத் தப்பிப்பதுதான் பழைய தந்திரம்.

நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் (தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் ரெண்டு ஓரமும் வேற வேற வளைவாகத் தெரியும்), கடைசி ஃப்ரெட்கள் மட்டும் மேலே தூக்கியிருந்தால், ட்ரஸ் ராட் உதவாது. அனுபவமுள்ளவர் கைக்குத்தான் போகணும். இந்த எல்லை எது என்று தெரிந்துகொள்வதும் இன்ஜினியரிங்தான்.

நம்ம ஊர் வெயிலும் மழையும்

மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நெக்கும் ஃப்ரெட்போர்டும் வேற வேற மரமாக இருந்தால் ரெண்டும் ஒரே அளவில் மாறாது, அதனால் வளைவு மாறும். சித்திரை வெயிலில் செட் பண்ணின கிட்டார் ஐப்பசி மழையில் அப்படியே இருக்கணும்னு எதிர்பார்க்காதீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை ரிலீஃபை மட்டும் அளந்தால் போதும். மூடின காருக்குள், ஜன்னல் வெயிலில், ஏசி காற்று நேரடியாகப் படும் இடத்தில் வைக்காதீங்க. பீரோ மேலே படுக்கப் போடாதீங்க, ஸ்டாண்டிலோ உறையிலோ வையுங்க. விடுமுறைக்குப் போகும்போது கம்பியை முழுசாகக் கழற்ற வேண்டாம். ராட் ஒருபக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும், எதிர்க்க ஆள் இருக்காது.

அப்புறம் என்ன ஆச்சு?

சரியான கீ கிடைத்ததும் மூணு நாளில், எட்டில் ஒரு சுற்று வீதம் இறுக்கி, 0.9-ஐ 0.3-க்குக் கொண்டுவந்தோம். தரையில் கிடந்த சேடில்களை மறுபடி கொஞ்சம் ஏற்றவேண்டி வந்தது. 17-ஆம் ஃப்ரெட்டில் இ கம்பி 2.5 மி.மீ.-இல் நின்றது. இன்டொனேஷன் பார்த்தோம். மொத்தச் செலவு ஆலன் கீ செட்டும் ஃபீலர் கேஜும்தான்.

நாலாவது நாள் ஜூனியரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் பேஸைக் கையில் கொடுத்தேன். ஒரு ஸ்கேல் ஏறி இறங்கினாள். நிறுத்தி, கிட்டாரைத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இது வேற கிட்டாரா?" என்றாள். அதே கிட்டார்தான்மா என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நான் மூணு நாளா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் மன்னிப்புக் கேட்டேன். "பழகிடும்" என்று சொன்னதற்கு.

கல்ச்சுரலில் ரெண்டு பாட்டு வாசித்தாள். ரெண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் தப்பும் பண்ணினாள். அது அவளுடைய தப்பு, கிட்டாருடையது இல்லை. அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிசு. இளையராஜா குழுவின் சசிதரன், ரஹ்மான் பாடல்களின் கீத் பீட்டர்ஸ் என்று பேஸுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, முறுக்கிக்கொண்ட ஒரு மரக்கட்டையால் ஒரு பேஸ் பிளேயரை இழக்கப் பார்த்தோமே என்று இன்னும் தோணும்.

அதனால் யாராவது "எனக்கு வரல" என்று சொன்னால், "பழகிடும்" என்பதற்கு முன்னால் ஒரு தடவை ஃபீலர் கேஜை எடுங்க.

இப்போ கிளப் பேஸ் உறையின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கு. தேதி, ரிலீஃப், கம்பி உயரம், எந்தத் திசையில் எவ்வளவு சுற்று, எந்தச் சாவி என்று எல்லாம் எழுதியிருக்கு. அடுத்த வரியை மழைக்காலத்தில் ஜூனியரே எழுதினாள். நாங்க பாஸ் அவுட் ஆனாலும் அந்தக் காகிதம் இருக்கும். உங்க கிட்டாருக்கும் ஒன்று ஒட்டுங்க.

சந்தேகம் இருந்தால் சாயங்காலம் கிளப் ரூமுக்கு வாங்க, கிட்டாரோடு. ஆலன் கீ செட் ரெண்டாவது டிராயரில் இருக்கு. எடுத்த இடத்தில் திரும்ப வைங்க, முக்கியமா அந்த 3/16-ஐ!